பதம் பார்த்த சுருட்டு

நாகேந்திரத்தார் சுருட்டுக் குடிப்பதில்லை. கொட்டாஞ்சேனையில் அவருடைய கடையை அறிந்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டு விற்கிற மனிதர், பதினெட்டு வயதிலிருந்து அதே மேசையில் இருக்கிறவர், ஆனால் ஒரு சுருட்டுக் குடித்ததில்லை! அவருடைய மனைவி பத்மாவதிக்கு இதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளவத்தையில் அவர்கள் குடியிருந்த ஒழுங்கையில் எந்தப் பெண்ணாவது தன் புருஷனுடைய பழக்கவழக்கங்களைச் சொல்லி மூக்கைச் சிந்தினால் போதும். "எங்கட மனுசன் சுருட்டு மலைக்குள்ள இருந்துகொண்டே தொடுறேல்லை" என்று ஒரு போடு போட்டுவிடுவாள்.

பதம் பார்ப்பார். அது வேறு விஷயம்.

ஊரிலிருந்து சரக்கு வந்தால் ஒவ்வொரு கட்டின் நடுவிலிருந்தும் ஒரு சுருட்டை உருவுவார். பற்றவைத்து நாலைந்து இழுவை இழுப்பார். வாயோடு நிறுத்தினால் காரம் தெரியாதாம், தொண்டைக்குக் கீழே இறக்கவேண்டுமாம். சாம்பல் வெள்ளையாக நிற்கிறதா, நெருப்பு ஒரு பக்கமாக ஓடுகிறதா என்றும் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். தலை ஆடினால் கட்டு கடைக்குள் போகும், ஆடாவிட்டால் வந்த வழியே திரும்பும். அந்த வியாபாரத்தில் அது ஒரு முறை. விற்கிறவன் குடிக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியவர் தகப்பன். பதம் பார்க்கப் பழக்கியவரும் அதே தகப்பன்தான். அதனால் நாகேந்திரத்தார் கந்தசஷ்டி விரதத்திலும் மனச்சுத்தத்தோடு பதம் பார்த்தார். விரதம் முறிந்ததென்று முருகனும் வந்து சொல்லவில்லை.

சண்டை வந்து எல்லாவற்றையும் குழப்பியது. வடக்குப் பாதை பூட்டுப்பட்டது. சரக்கு கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்து, வவுனியாவில் ஆமிக்காரன் இரும்புக் கம்பியால் குத்துக் குத்தென்று குத்திப் பார்த்த பிறகு, பாதி தூளாகிக் கொழும்புக்கு வந்தது. வராத மாதங்களில் எங்கேயோ விளைந்த புகையிலையைச் சுற்றி, யாழ்ப்பாணச் சுருட்டு என்று முகம் கோணாமல் விற்பதற்கு ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. எதை நம்பி வாங்குவது? நாகேந்திரத்தார் பதம் பார்த்ததை நம்பி வாங்கலாம். நீர்கொழும்பிலிருந்து வருகிறவன், சிலாபத்திலிருந்து வருகிறவன், எல்லோரும் தங்கள் கண்ணுக்கு முன்னால் ஒன்றைப் பற்றச் சொன்னார்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை அவர் கையில் ஏதோ ஒன்று புகைந்துகொண்டே இருந்தது. அவரைக் கேட்டால் குடிக்கவில்லை, பதம்தான்.

கரைச்சல் இடது காலில் தொடங்கியது. காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் நடந்து வரும்போது கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல வலிக்கும். நின்றால் போய்விடும், நடந்தால் திரும்ப வரும். நின்றுகொண்டே இருந்தால் சனம் பார்க்குமே என்று, இல்லாத யாரையோ எதிர்பார்க்கிறவர்போல மணிக்கூட்டைப் பார்ப்பார். கொஞ்ச நாளில் சின்னவிரல் சில்லிட்டு, நீலம் பாரித்து, செருப்பு உரசிய இடத்தில் ஒரு புண் வந்தது. பத்மாவதி நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், மஞ்சள் பற்றுப் போட்டாள். புண் மாறுகிறேன் என்று சொல்லவே இல்லை.

வெள்ளவத்தை டொக்டர் சீனி வியாதி என்று சந்தேகப்பட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார். சீனி இல்லை. ஆனால் இரத்தத்தின் அளவு, ஹீமோகுளோபின் என்கிறார்களே அது, பதினெட்டுக்கு மேலே இருந்தது. அடேயப்பா, அன்றைக்கு அந்த மனிதரைப் பார்த்திருக்க வேண்டும்! எங்கள் ஆட்களுக்கு இரத்தம் காணாது என்பதுதான் வியாதி. கூடிப்போவதும் ஒரு வியாதி என்று யாருக்குத் தெரியும்? பத்மாவதி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த காலந்தொட்டு ஒன்பதுக்கு மேலே போகாதவள். முருங்கையிலையும் பீற்றூட்டும் தின்று தின்றே பாதி ஆயுள் போனவள். அவளுக்கு முன்னால் நாகேந்திரத்தார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"பதினெட்டு! உமக்கு ஒன்பது. உமக்கும் சேத்து என்னட்டை இருக்குது, பயப்பிடாதையும்."

கடையிலும் போய்ச் சொன்னார். ஐம்பதை எட்டுகிற வயதில் இப்படி இரத்தம் யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். அன்றைக்கு அவர் கூடுதலாக இரண்டு கட்டுப் பதம் பார்த்ததாகக் கேள்வி.

விரல் நுனி கறுக்கத் தொடங்கியபோது பத்மாவதி பொறுத்திருக்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டு பொரளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இரத்தக் குழாய்களைப் பார்க்கிற டொக்டர் கௌரி என்று ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், மெல்லிய உடம்பு, அதட்டுகிற குரல். அவள் முதலில் கேட்டதே அந்தக் கேள்விதான்.

"ஐயா சிகரெட், சுருட்டு ஏதும் குடிக்கிறனீங்களோ?"

நாகேந்திரத்தார் வாய் திறக்குமுன்பே பத்மாவதி முந்திக்கொண்டாள். "ஐயோ டொக்டர், அந்தப் பழக்கம் இவருக்கு மருந்துக்கும் இல்லை. நான் சத்தியம் பண்ணுவன்."

டொக்டர் கௌரி காலைத் தொட்டுப் பார்த்தாள். கணுக்காலில் விரலை வைத்து நாடி தேடினாள், கிடைக்கவில்லை. பிறகு கையைப் பிடித்துப் பார்த்தாள். பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் காவி பிடித்துக் கிடந்தன. அந்த விரல்களை மூக்கோடு பிடித்து மணந்தும் பார்த்தாள்.

"ஐயாக்கு என்ன வேலை?"

"சுருட்டுக்கடை."

"கடையில சுருட்டைப் பத்துறேல்லையோ?"

"பதம் பார்ப்பன்" என்றார் நாகேந்திரத்தார், தொழில் தெரிந்தவனுடைய கம்பீரத்தோடு. "குடிக்கிறேல்லை."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

அவர் மேலே பார்த்து யோசித்தார். கணக்குப் பார்க்கத் தொடங்கி, பாதியில் அவருக்கே குரல் இறங்கிவிட்டது. "சரக்கு வந்தால் முப்பது வரும். வராட்டிப் பத்துப் பன்னெண்டு."

சத்தியம் பண்ணுவேன் என்று சொன்ன பத்மாவதியின் வாய் திறந்தபடி நின்றது. இத்தனை வருசம் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தோய்த்தவள் அவள். அந்த மணம் கடை மணம் என்று நினைத்தாளே தவிர, மனிதனுடைய மணம் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. வெட்கமும் கோபமும் ஒன்றாக ஏறின.

டொக்டர் கௌரி ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"ஐயா, ரத்தத்தில சிவப்பணு எண்டு இருக்குது. அதை பஸ் எண்டு வையுங்கோ. மூச்சு எடுக்கேக்கை ஒட்சிசன் ஏறுது, கால் விரல்மட்டும் போய் இறங்குது. விரல் உயிரோட இருக்கிறது அதாலதான். சுருட்டுப் புகையில காபன் மொனொக்சைட் எண்டு ஒரு வாயு இருக்கு. அது ஒட்சிசனைத் தள்ளிப்போட்டு முதல் ஏறிவிடும். ஏறினால் லேசில இறங்காது, சீட்டைப் பிடிச்சுக்கொண்டே சுத்தும். பஸ் நிறைய ஆள், ஆனா விரலுக்கு ஒருத்தரும் வந்து இறங்கிறேல்லை."

"அதுக்குத்தான் எனக்கு ரத்தம் பதினெட்டு இருக்குதே" என்றார் நாகேந்திரத்தார்.

"அதுதான் ஐயா வருத்தமே! ஒட்சிசன் காணேல்லை எண்டு உடம்பு பதறி இன்னும் இன்னும் பஸ்ஸை விடுது. விட விட என்ன நடக்கும்? உங்கட ரத்தம் தடிச்சுச் சீனிப்பாணிமாதிரிக் கிடக்கு. இதுக்கு மேலால அந்தப் புகையிலைச் சத்து குழாயளைச் சுருக்கிப் பிடிக்குது. ரத்தத்தில கட்டியாகிற சின்ன அணுக்கள் இருக்கு, காயம் பட்டால் அடைக்கிறதுக்கு. புகை பட்டால் அதுகள் காயம் இல்லாமலே ஒண்டோடை ஒண்டு ஒட்டும். சுருங்கின குழாய், தடிச்ச ரத்தம், அதுக்குள்ள கட்டி. பிறகு விரல் கறுக்காமல் என்ன செய்யும்?"

"மருந்து?"

"விடுறதுதான் மருந்து. விட்டால் கால் நிக்கும். இந்தச் சின்னவிரலுக்கு நான் பொறுப்பு நிக்கமாட்டன், காலுக்கு நிப்பன். விடாட்டி விரல் போகும், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழை."

"ஒண்டு ரெண்டு பதம் பாத்தால்?"

"ஒண்டுகூட இல்லை."

வீட்டு வாசலில் கால் வைத்ததும் நாகேந்திரத்தார் தொடங்கிவிட்டார். டொக்டர்மார் அப்படித்தான் பயப்படுத்துவார்களாம். தகப்பன் எழுபத்தெட்டு வயது வரைக்கும் பதம் பார்த்தாராம், அவருடைய கால் கறுத்ததோ? பதம் பார்க்காவிட்டால் அது கடையில்லை, பெட்டிக்கடையாம். பத்மாவதி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு குசினியிலிருந்து அகப்பையோடு வெளியே வந்தாள்.

"ஊரில சனம் ஷெல்லுக்கும் மிதிவெடிக்கும் காலைக் குடுத்துப்போட்டு அழுது. நாங்கள் அதுக்குப் பயந்து காலைக் காப்பாத்திக் கொழும்புக்குக் கொண்டந்தனாங்கள். கொண்டந்து சுருட்டுக்குக் குடுக்கவோ? சொல்லுங்கோ, சுருட்டுக்குக் குடுக்கவோ?"

அடுத்து வந்த நாட்களில் அவர் சுருட்டுப் பற்றவைக்கவில்லை. மனிதன் திருந்திவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். சரக்கே வரவில்லை, அவ்வளவுதான். கிளாலியில் சண்டை என்று வள்ளம் நின்றுபோயிருந்தது. கடையில் பழைய கட்டுகளைத் தூசி தட்டிக்கொண்டு உம்மென்று இருந்தார். பத்மாவதி மட்டும் காலையும் மாலையும் அவர் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சின்னவிரல் மாறவில்லை. பக்கத்து விரலில் கொஞ்சம் சூடு திரும்பியிருந்தது. அந்தச் சூட்டை அவள் தன் கையால் உணர்ந்தாள். அன்றைக்குச் சாமி அறையில் நின்று வாய்விட்டு அழுதாள்.

பிறகு லொறி வந்தது.

கடையில் வேலை செய்கிற கிளெமென்ற் கொட்டாஞ்சேனைக்காரன். அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை தவறாதவன், பொய் சொல்ல வராது. அவன்தான் பகல் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துக் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, நான் சொன்னதெண்டு சொல்லவேணாம். சரக்கு வந்திட்டுது. ஆக்கள் நிறைய வந்து நிக்கிறாங்க. முதலாளி திரும்பப் பத்துறார்."

"எத்தினை?"

"நான் எண்ணேல்ல அக்கா. எண்ணப் பயமா இருக்கு."

பத்மாவதி வீட்டுச் சேலையைக்கூட மாற்றவில்லை. ஒரு ஓட்டோவை மறித்து ஏறினாள். நாகேந்திரத்தார் குடும்பத்தில் பெண்கள் கடைப்படி மிதிப்பதில்லை. மாமியார் மிதித்ததில்லை, அவளும் கலியாணமாகிய நாளிலிருந்து மிதித்ததில்லை. அந்த வழக்கத்தைப் பற்றி அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசித்து, "கிடக்கட்டும்" என்று உரத்துச் சொன்னாள். ஓட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான்.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்புகிற இடத்தில் செக்பொயின்ற். மீசை முளைக்காத ஒரு ஆமிக்காரப் பொடியன் துவக்கோடு ஓட்டோவுக்குள் தலையை நீட்டினான். "கோ அயிடென்டி?" என்று சிங்களத்தில் கேட்டான். அடையாள அட்டையைக் கொடுத்தாள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் அவன் முகம் மாறியது. "கொஹேத யன்னே?" எங்கே போகிறாய் என்று கேட்கிறான். மற்ற நாளென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிப்போகும். அன்றைக்கு ஒட்டவில்லை.

"மஹத்தயாட்ட சனீப நே. கடேட்ட யனவா" என்றாள், மனிதருக்குச் சுகமில்லை, கடைக்குப் போகிறேன் என்று. அத்தோடு நிற்கவில்லை. மிச்சத்தைத் தமிழிலேயே கொட்டினாள். "உம்மட கேள்வியளுக்கு இண்டைக்கு எனக்கு நேரமில்லை, தம்பி. அங்கை ஒரு மனுசன் தன்ர காலைத் தானே எரிச்சுக்கொண்டிருக்கிறான். விடும் என்னை!"

அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் ஏச்சு என்பது எந்த மொழியிலும் ஏச்சுத்தானே? அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினான்.

கடை புகைமூட்டமாக இருந்தது. நீட்டு வாங்குப் பலகையில் வியாபாரிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். முன்னுக்கு இருந்தவர் ஸஹாப்தீன். புத்தளம் பக்கம் சுருட்டுக் கொண்டுபோகிற பெரிய கை அவர். மேசைக்குப் பின்னால் நாகேந்திரத்தார். துணி சுற்றிய இடது காலை ஒரு பெட்டிமேல் தூக்கி வைத்திருந்தார். முன்னால் அவிழ்த்த கட்டுகள். வாயில் சுருட்டு, முகத்தில் எத்தனையோ நாளாகக் காணாத களை. அதைக் கண்டதும் பத்மாவதிக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. மனிதன் சந்தோஷமாக இருக்கிறானே என்று. அடுத்த கணம் பெட்டிமேல் இருந்த காலைக் கண்டாள்.

"அணையுங்கோ" என்றாள்.

கடை முழுவதும் திரும்பியது. நாகேந்திரத்தார் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "நீர் ஏன் இஞ்சை வந்தனீர்? வீட்டை போம்."

"அணைச்சால் போறன்."

"ஆக்கள் இருக்கினம். பிறகு கதைப்பம். கிளெமென்ற், அக்காவை ஓட்டோவில ஏத்திவிடு."

கிளெமென்ற் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவனுக்குத் திடீரென்று கயிறு சுருட்டுகிற வேலை வந்துவிட்டது.

பத்மாவதி மேசைக்குக் கிட்டப் போனாள். அவிழ்ந்து கிடந்த அதே கட்டின் நடுவிலிருந்து ஒரு சுருட்டை உருவினாள். நெருப்புப் பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி முறிந்தது, இரண்டாவது பற்றியது. சுருட்டை வாயில் வைத்துப் பற்றவைத்து, முழு மூச்சாக உள்ளே இழுத்தாள்.

வாங்கில் இருந்தவர்களில் இருவர் எழும்பிவிட்டார்கள். அவளுக்குக் கண் பிதுங்கி, நெஞ்சு வெடிப்பதுபோல இருமல் வந்தது. இருமி முடித்துத் திரும்பவும் இழுத்தாள்.

"உமக்கென்ன விசரே?" நாகேந்திரத்தார் எழும்பப் பார்த்தார், கால் விடவில்லை. "எறியும் அதை!"

"நான் குடிக்கேல்லை" என்றாள் பத்மாவதி, கண்ணீர் வடிய. "பதம் பாக்கிறன்."

யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

"உங்களுக்கு ஒண்டு எண்டால் எனக்கும் ஒண்டு. நீங்கள் பத்துப் பத்தினால் நானும் பத்துப் பத்துவன். உங்கட ரத்தம் கட்டியாகட்டும், என்ரையும் ஆகட்டும். என்னட்டை ஒன்பதுதானே இருக்குது, கெதியா முடிஞ்சிடும்."

இத்தனை ஆண்களுக்கு முன்னால் பெண்சாதி சொல்லிச் சுருட்டை அணைக்கிறதா? நாகேந்திரத்தாருக்கு முகம் சிவந்து கறுத்தது. அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. கையில் இருந்ததைத் தட்டத்தில் நசித்தார். அவள் சொன்னதற்காக அல்ல, பதம் முடிந்தது என்பதற்காக. தலையை ஆட்டி அந்தக் கட்டைத் தள்ளினார். வேண்டுமென்றே அடுத்த கட்டை இழுத்து, நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பற்றவைத்தார். அவளைப் பார்த்தபடியே இழுத்தார்.

பத்மாவதி தன் சுருட்டை நிலத்தில் போட்டு மிதித்தாள். அடுத்த கட்டிலிருந்து அவளும் ஒன்று எடுத்துப் பற்றவைத்தாள்.

இரண்டாவது சுருட்டு அவளைச் சும்மா விடவில்லை. கடை சுழன்றது, கைகால் சில்லிட்டு வியர்த்தது. தூணைப் பிடித்துக்கொண்டு போய் மூலையில் குனிந்து வாந்தி எடுத்தாள். கிளெமென்ற் தண்ணீர்ச் செம்போடு ஓடினான். வாயைக் கொப்பளித்து, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, திரும்பி வந்து, மேசை விளிம்பில் வைத்துவிட்டுப் போன, இன்னும் புகைந்துகொண்டிருந்த தன் சுருட்டை எடுத்துத் திரும்ப வாயில் வைத்தாள்.

"யா அல்லாஹ்!" ஸஹாப்தீன் எழும்பிவிட்டார். "போதும் முதலாளி, உட்டுடுங்க. நான் பதம் பாக்காமலே எடுக்கிறேன். மொத்தமா எடுக்கிறேன். அக்காவப் பாருங்க, மொகம் வெளுத்திட்டுது."

"நீங்கள் எனக்கு இரக்கப்பட்டு எடுக்கவேண்டாம், நானா" என்றாள் பத்மாவதி அவரைப் பார்த்து, மூச்சு வாங்க. "உங்களுக்குப் பதம் வேணுமெண்டால் உங்கட காலைக் குடுத்துப் பாருங்கோ. இவற்ற கால் எனக்கு வேணும்."

ஸஹாப்தீன் திரும்ப வாங்கில் இருந்துவிட்டார்.

நாகேந்திரத்தார் கையில் இருந்ததைத் தட்டத்தில் நசித்தார். கை மூன்றாவது கட்டுக்குப் போனது. பழக்கத்தில் போனதோ பிடிவாதத்தில் போனதோ தெரியாது. நடுவிலிருந்து ஒன்றை உருவி, விரல்களுக்கிடையில் உருட்டி, வாயில் வைத்தார். நெருப்புப் பெட்டியைத் தடவினார். அது பத்மாவதியின் கையில் இருந்தது.

அவள் ஒரு குச்சியை உரசி, அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

"இந்தாங்கோ. பத்துங்கோ."

அவர் குனியவில்லை. குச்சி எரிந்தது. அவள் கையை இழுக்கவில்லை. சுவாலை குச்சியின் பாதிக்கு வந்து, அதையும் தாண்டி அவள் விரல் நுனியைத் தொட்டது. அவள் முகம் சுருங்கியது, ஆனால் கை இருந்த இடத்திலேயே இருந்தது. நாகேந்திரத்தார் அந்த விரலைப் பார்த்தார். இத்தனை நாளும் அவருடைய கறுத்த பாதத்தை மடியில் வைத்துத் தடவிய விரல் அது.

சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஊதிக் குச்சியை அணைத்தார்.

"போதும் பத்மா" என்றார். வீட்டுக்குள்கூட அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருசமோ. வாங்குப் பக்கம் திரும்பினார். குரல் முதலாளிக் குரல்தான். "இஞ்சை பாருங்கோ. சரக்கு யாழ்ப்பாணத்துச் சரக்கு. அதை என்ர கண்ணும் கையும் சொல்லும். நம்பிறவன் எடுக்கலாம். பதம் வேணுமெண்டுறவன் தான் பத்திப் பாக்கட்டும், என்ர வாயை இனிக் கேக்கவேண்டாம். கிளெமென்ற், கட்டுகளைக் கட்டு."

சிலர் எழும்பிப் போனார்கள். போகட்டும். ஸஹாப்தீன் போகவில்லை. ஒரு கட்டை எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்துவிட்டு, தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பின்னுக்கு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தச் சின்னவிரலை டொக்டர் கௌரி எடுக்கத்தான் செய்தாள். மற்ற நாலு விரலும் நின்றன, காலும் நின்றது. மனிதன் காலி வீதியிலிருந்து வீட்டுவரைக்கும் இடையில் நிற்காமல் நடந்து வந்த நாளும் வந்தது. கடையும் விழுந்துபோய்விடவில்லை. வருமானம் குறைந்தது, அதனால் ஒருவரும் சாகவில்லை.

ஆனால் அன்றைக்குப் பின்னேரம் ஓட்டோவில் வீட்டுக்குப் போகும்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும்? பத்மாவதி சுட்ட விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தாள். தலை இன்னும் சுற்றியது. நாகேந்திரத்தார் மற்ற மூலையில் இருந்தார். காலை அவள் பக்கமாக நீட்டி வைத்திருந்தார். ஓட்டோ செக்பொயின்ற்றைத் தாண்டியது.

"நாளைக்கும் நான் கடைக்கு வருவன்" என்றாள் பத்மாவதி.

"ஏன்? நான்தான் ஆக்களுக்கு முன்னால சொல்லீட்டனே, இனித் தொடமாட்டன் எண்டு."

"குடிக்கிறேல்லை எண்டும்தான் முப்பது வருசமாச் சொன்னனீங்கள்" என்றாள் அவள். நீட்டியிருந்த காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.